வேலிக்குள் காட்டுக் காப்பி

ரொட்ரிக்ஸ் தீவில் எவெனோரின் வேலை ஒரே ஒரு செடியைக் காவல் காப்பது. உலகத்திலேயே மிச்சமிருக்கும் ஒரே காட்டுக் காப்பி அது. பூக்கும், காய்க்காது. சாலையோரம் யாரும் சீந்தாமல் கிடந்ததைச் சுற்றி மூன்று வரிசைக் கம்பிவேலி போட்டார்கள். அதோடு பிடித்தது சனியன். இத்தனை கம்பி போட்டுக் காக்கிறார்கள் என்றால் சும்மாவா என்று ஊரே கிளம்பிவிட்டது. ரம் போதை தெளிய ஒரு இலை, வெளியில் சொல்ல முடியாத நோய்க்கு ஒரு குச்சி.

எவெனோரின் அண்ணன் அல்சீத்தும் வந்தான். ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒரே ஒரு கொப்புடா. உன் அண்ணன்டா நான்." எவெனோர் தரவில்லை. அதைக் காய்ச்சிக் குடித்திருந்தாலும் அல்சீத் பிழைத்திருக்க மாட்டான். ஆனால் செத்தவனிடம் யார் போய் அதைச் சொல்வது?

அண்ணன் செத்த அன்றிலிருந்து விடிந்தால் கம்பி ஆடுகிறது. காற்றில்லாத நாளிலும் ஆடுகிறது. முதலில் எவெனோர் கம்பியைத் தொடாமல் விலகி நின்றான். பிறகு மழை பொய்த்ததையும் மக்காச்சோளம் கருகியதையும் கம்பியிடம் சொல்லத் தொடங்கினான்.

கல்லறைத் திருநாளன்று காலையில் அண்ணி நொயேலா பூவும் மெழுகுவத்தியுமாக வந்து நின்றாள்.

"ஒரு கொப்பு குடு எவெனோர். கல்லறையில வச்சிடறேன். கேட்டது கெடச்சா மனுஷன் கம்பிய விட்டுட்டு நிம்மதியாப் போயிடுவார்."

"இருக்கறதே ஒரு செடி அண்ணி..."

"வெளிநாட்டுக்காரங்க வளக்கறதுக்குன்னு மூணு கொப்பு வெட்டிக் குடுத்தியே, அது மட்டும் வேற செடியா?"

எவெனோர் வேலிக் கதவின் பூட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அவரு போயிட்டா எனக்கு யாரு இருக்கா அண்ணி? உயிரோட இருந்தப்ப எப்பவாச்சும்தான் வருவாரு. இப்போ தெனம் வர்றாரு."

நொயேலாவின் முகத்தில் கோபம் ஏறியது, பிறகு அதுவும் வடிந்தது. "எனக்குக் கனவுலகூட வரலடா" என்றாள்.

அப்போது கம்பி ஆடியது. மூன்று வரிசையும் ஆடின. மெழுகுவத்தியைக் கீழே போட்டுவிட்டு அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் புருஷனிடம் பேசிய அதே குரலில் சொன்னாள்:

"கேட்டீங்களா? இந்தத் தடவையும் உங்க தம்பி தரமாட்டானாம்."

ஆட்டம் நின்றுவிட்டது. நொயேலா திரும்பிப் பார்க்காமல் கல்லறைப் பக்கம் நடந்தாள்.

எவெனோர் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினான். இருப்பதிலேயே நல்ல கொப்பாக ஒன்றை ஒடித்து, "இந்தாங்கண்ணே, இந்தாங்க" என்று வேலிக்கு வெளியே நீட்டினான். வெயில் ஏறும்வரை நீட்டியபடியே நின்றான். வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.