முடிச்சுப் போட்ட வைக்கோல்

கிறிஸ்மஸுக்கு முந்திய நாலு வாரத்தை நான் டீச்சராக இருந்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஆகமன காலம் என்பார்கள். மதர் சொன்ன ஏற்பாடு எளிதுதான். பாலர் வகுப்பில் ஒரு மரத்தொட்டில் இருக்கும். நல்ல காரியம் செய்கிற பிள்ளைக்கு டீச்சர் ஒரு வைக்கோல் தர வேண்டும். பிள்ளை அதைத் தொட்டிலில் போடும். பாலன் இயேசு பிறக்கும்போது மெத்தை தயாராக இருக்கும். அதிகம் வைக்கோல் போட்ட பிள்ளைதான் கடைசி நாளில் பாலன் பொம்மையைக் கிடத்தலாம் என்பதை மட்டும் மதர் சொல்லவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் நான்தான் பிள்ளைகளிடம் சொன்னேன்.

அது 1962. குற்றாலத்தில் எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாம் மூன்று வயதிலிருந்து ஐந்துக்குள். கார்த்திகை மழை விடவே இல்லை. சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மூக்கு ஒழுக வந்து சேர்வார்கள். சவுக்குக் கிளையில் பஞ்சை ஒட்டி, சீமையில் இப்படித்தான் பனி கொட்டும் என்றேன்.

"தலகாணிக்கு ஆகுமா டீச்சர்?" என்று கேட்டாள் பேராச்சி.

அவளுக்கு நாலரை வயது. அப்பா இல்லை. அம்மா ஆவுடைத்தாய் இலஞ்சியில் சங்கரபாண்டி அண்ணாச்சியின் அரிசி மில்லில் நெல் காயப்போடுகிறவள்.

நல்ல காரியத்தைப் பிள்ளைகள் தங்கள் போக்கில்தான் புரிந்துகொண்டார்கள். கடற்கரை என்றொரு பயல் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிடுவான். பிறகு தூக்கி நிறுத்தி, "தூக்கிட்டேன், வைக்கல் தாங்க" என்று கை நீட்டுவான். சிரிப்பை அடக்கமுடியாமல் அவனுக்கும் கொடுத்திருக்கிறேன். பேராச்சி அப்படியில்லை. தன் பாவாடையால் அடுத்த பிள்ளைக்கு மூக்குத் துடைப்பாள். நனையாத இடத்தைச் சின்னதுகளுக்கு விட்டுவிட்டு ஒழுகுகிற இடத்தில் உட்காருவாள். வைக்கோலை வாங்கியதும் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுத்தான் தொட்டிலில் வைப்பாள்.

"எதுக்குட்டி முடிச்சு?"

"என்னுதுன்னு தெரியாண்டாமா? அம்மை அறுப்புக்குப் போனா கதிர்க்கட்டுக்கு இப்பிடித்தான் போடுவா."

கடைசி வாரம் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தோரு முடிச்சு. மற்ற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து போட்டதுகூட அவ்வளவு வராது. "நீதான் பாலனைக் கிடத்தப்போற" என்று அவளிடம் சொன்னேன். அன்றைக்கு அவள் மதியச் சோறே சரியாகச் சாப்பிடவில்லை.

கிறிஸ்மஸ் விழாவுக்கு முந்திய நாள் மதர் கூப்பிட்டார். பள்ளிக்கூடக் கட்டடம் சங்கரபாண்டி அண்ணாச்சியுடையது. அவர் விழாவுக்கு வருகிறார். அவர் பேத்தி மங்களேஸ்வரி எங்கள் வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவள் போட்டது இரண்டே வைக்கோல்.

"மங்களேஸ்வரி கிடத்தட்டும். அவருக்குச் சந்தோஷமா இருக்கும்."

"பேராச்சிகிட்ட சொல்லிட்டேனே மதர்."

"சின்னப் பிள்ளைதானே, மறந்துடும்."

எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் வாயை அடைத்தது. அந்தப் பயத்துக்குக் கீழ்ப்படிதல் என்று பெயர் சூட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஆவுடைத்தாய் மில்லுக்குப் போகாமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பேராச்சிக்கு எண்ணெய் தடவி வழித்துச் சீவிய தலை, இரவல் வாங்கிய கவுன். நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் ஆவுடைத்தாய் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையே வைக்கட்டும் டீச்சரம்மா. இவ என்னத்தக் கண்டா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பேராச்சி மட்டும் என் சேலையைப் பிடித்தாள். "நாந்தானே நெறைய வச்சேன்? நீங்கதானே சொன்னிய?"

"பாலன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

மங்களேஸ்வரி பட்டுப்பாவாடை சரசரக்கப் போய்ப் பொம்மையைக் கிடத்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். அப்போது பேராச்சி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். அழவில்லை. தொட்டில் அருகே குந்தி, முடிச்சுப் போட்ட வைக்கோலாகப் பார்த்து ஒவ்வொன்றாக உருவினாள். பொம்மை மெல்லச் சரிந்து, அதன் தலை மரத்தில் இடித்தது. பாட்டு நின்றது.

"இது யாரு பிள்ளை?" என்றார் அண்ணாச்சி. வாசலில் ஆவுடைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓடிப்போய்ப் பேராச்சியின் கையைப் பிடித்தேன். "அதக் குடுட்டி."

"நல்லது செஞ்சதுக்குத்தானே தந்திய?" என்றாள். "நான் ஒண்ணும் செய்யல. அந்த நல்லதெல்லாம் நான் செய்யவே இல்ல."

அந்தச் சின்னக் கையை விரல் விரலாகப் பிரித்தேன். வைக்கோலைப் பிடுங்கி, பொம்மையைத் தூக்கி, அடியில் திணித்தேன். பாட்டைத் திரும்ப ஆரம்பித்து வைத்ததும் நான்தான். பேராச்சியை அவள் அம்மா தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

அண்ணாச்சி காரில் ஏறிப் போனதும் மதர் என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல நேரத்துல ஓடிவந்து மானத்தைக் காப்பாத்தினே. நீயும் ஒரு வைக்கோல் போடு."

தரையில் ஒன்று கிடந்தது, நுனியில் முடிச்சோடு. எடுத்துப் போட்டேன்.