படிக்கச் சிரமமான வரிகள்

ஸ்னேஜாவுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது கோணல்மாணலாக எழுதியதைக் கண்டால் கை சும்மா இருக்காது. முப்பது வருஷம் மாவட்டப் பத்திரிகையில் பிழை திருத்தியவள். பத்திரிகையை இழுத்து மூடிய பிறகும் அந்தக் கை மட்டும் ஓய்வு பெறவில்லை. பல்கேரியாவில் இருக்கும் தன் ஊரான கமென்பிரோட்டுக்கென்று ஒரு வலைப்பூ ஆரம்பித்தாள். ஊரில் பாதிப் பேர் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அடுத்தவர் வீட்டுக் கிழங்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகத் தினம் ஒரு பதிவு. எந்தத் தெருவில் தண்ணீர் வராது, யார் வீட்டுக் கூரை விழுந்தது, எந்தக் கதவில் புதிதாக இரங்கல் தாள் ஒட்டியிருக்கிறது, இப்படி.

பதிவைவிட அதன் கீழே வரும் கருத்துகளில்தான் கூத்து. ஒருவர் ஒரே மூச்சில் முப்பது வரி எழுதுவார். ஒருத்தி தண்ணீர்க் குழாயில் ஆரம்பித்து மாமியாரில் முடிப்பாள். பல்கேரிய எழுத்தைத் தேடித் தட்டச் சோம்பல்பட்டு ஆங்கில எழுத்திலேயே தள்ளிவிடுகிறவர்கள் வேறு. ஸ்னேஜா காலையில் காப்பியோடு உட்கார்ந்து, பத்தி பிரித்து, சொன்னதையே சொன்னால் வெட்டி, சொந்த எழுத்துக்கு மாற்றி, அப்புறம்தான் வெளியிடுவாள். "என் பக்கத்துல எவனும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டுப் படிக்கக் கூடாது" என்பாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் படுத்துகிற பாடு கொஞ்சமா!

டோப்ரியின் கருத்தில் மட்டும் அவளுக்கு வேலையே இருக்காது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் ஊர்க்கோடி வீட்டில் தனியாக இருந்தார். அளந்து வைத்தாற்போல் நான்கு வரி எழுதுவார். ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்களை அவரே விளாசுவார்: "ஏம்பா, நம்ம எழுத்தை வாடகைக்கு விட்டுட்டோமா?" மகள் ரலித்சா ஸ்பெயினில் இருந்தாள். இவருக்குக் காது அடைத்துவிட்டதால் போனில் பேச்சு ஓடாது. "தினம் என் கருத்தைப் படி. அதுல தெரிஞ்சுக்கோ நான் எப்படி இருக்கேன்னு" என்று சொல்லியனுப்பியிருந்தார். அவளும் காலைப் பேருந்தில் அதைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். இது ஊருக்கே தெரியும். ஸ்னேஜாவுக்கும் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு நாள் டோப்ரியின் கருத்து ஆங்கில எழுத்தில் வந்தது.

"அட, இவருமா!" ஸ்னேஜா சிரித்துக்கொண்டே மாற்றிப் போட்டாள்.

மறுநாள் ஒரே வாக்கியம் நான்கு தடவை. மூன்றை வெட்டினாள். அடுத்த வாரம், நாலு பத்து வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருந்தார். அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தே பன்னிரண்டு வருஷமாகிறது. பதிவுக்குச் சம்பந்தமில்லை என்று அந்த வரியையும் எடுத்தாள். ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றாமல் இல்லை. வெளியே முழங்கால் அளவு பனி. எழுதுகிறாரே, ஆள் இருக்கிறார் என்று விட்டுவிட்டாள், பாவி.

கடைசியாக வந்தது இது: "ரலித்சா அடுப்பு பத்தல எப்படிப் பத்த வைக்கிறதுன்னு மறந்துபோச்சு விறகு இருக்கு நீ வா உங்கம்மா எங்க போனாளோ தெரியல நீ வா எல்லாருக்கும் வணக்கம்."

அன்று தண்ணீர் வராததைப் பற்றிய குழாய்ச் சண்டையில் நாற்பது கருத்துகள் குவிந்திருந்தன. அவள் கண் வரியைப் பார்த்ததே தவிர ஆளைப் பார்க்கவில்லை. வீட்டு விஷயம் கருத்துப் பகுதியில் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். வெட்ட வெட்டக் கடைசி இரண்டு வார்த்தைதான் மிஞ்சியது. "எல்லாருக்கும் வணக்கம்." அதை வெளியிட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

மூன்றாம் நாள் ரொட்டி கொடுக்கப் போன பெண்தான் பார்த்தாள். குளிர்ந்த அடுப்பின் முன்னால், கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்தபடியே போயிருந்தார். பக்கத்தில் பிளந்த விறகு இடுப்புயரம் அடுக்கியிருந்தது.

நாற்பதாம் நாள், இறந்தவர் பேரில் ஊருக்குப் பங்கிடும் அவித்த கோதுமையோடு ரலித்சா ஸ்னேஜா வீட்டுக்கு வந்தாள்.

"எடுத்துக்கங்க அக்கா. அப்பாவுக்காக."

"கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று முறைப்படி சொல்லி ஸ்னேஜா வாங்கிக்கொண்டாள்.

ரலித்சா நாற்பதாம் நாள் இரங்கல் தாளையும் நீட்டினாள். அப்பாவின் படம். கீழே பெரிய எழுத்தில்: எல்லாருக்கும் வணக்கம்.

"அவர் கடைசியா எழுதினதையே போட்டுட்டேன். எவ்வளவு தெளிவா இருந்திருக்கார் பாருங்க. அதைப் படிச்சுட்டு அன்னிக்கு நிம்மதியா வேலைக்குப் போனேன்." அவள் குரல் இறங்கியது. "ஒண்ணுதான் அக்கா நெஞ்சை அறுக்குது. கடைசி வரைக்கும் என்னை வான்னு ஒரு வார்த்தை சொல்லல. நான் வேண்டாதவளா ஆயிட்டேன் போல."

ஸ்னேஜா கோதுமையைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு கருத்தும் வந்தபடியே அவள் மின்னஞ்சலில் கிடக்கிறது. வேறு யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காவிட்டால் தப்பித்துவிடலாம். ஆனால் இந்தப் பெண் சாகிறவரைக்கும் அப்பன் தன்னைத் தேடவில்லை என்றே நினைத்திருப்பாள். அதைத் தாங்க ஸ்னேஜாவால் ஆகவில்லை.

"சொன்னார்டி" என்றாள். கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவள் கைவைத்த டோப்ரியின் கருத்துகள் மொத்தம் பதினொன்று. ரலித்சா நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். கடைசியானதை முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"இதையெல்லாம் ஏன் எடுத்தீங்க?"

"படிக்கிறவங்களுக்குச் சிரமமா இருக்கும்னு..."

"படிக்கிறவ நான்தானே அக்கா."

ஸ்னேஜா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரலித்சா கை காட்டி நிறுத்தினாள். பிறகு முதல் கருத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை சத்தமாக, ஒரு வார்த்தை விடாமல்.