முதல் பத்தாத வங்கி

சொல்லவே நாக்கு கூசுகிறது. பெரிய வங்கி ஒன்று தலைகால் தெரியாமல் கடனை வாரி இறைத்து மண்ணைக் கவ்வியது. அதைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். இனி எந்த வங்கியும் விழக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் எங்கள் தலையில் வந்து விடிந்தது. மளிகைக்கடைக்காரரும் வெல்டிங் பட்டறைக்காரரும் பங்கு போட்டு நடத்துகிற ஒற்றைக் கிளை வங்கி எங்களுடையது. நான் அதன் மேலாளர்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க வங்கியோட மொத்த அளவுக்குச் சொந்த மூலதனம் பத்தல. மாசக் கடைசிக்குள்ள ஏத்துங்க. இல்லேன்னா பெரிய வங்கியோட சேர்த்துருவோம்."

"எங்ககிட்ட வாராக்கடன் ஒண்ணுகூட இல்லையே சார்?"

"அது வேற விஷயம்."

வேறு விஷயமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் பெரியப்பா மகன்தான் வங்கியின் தலைவர். இரும்புக்கடை வைத்திருக்கிறார். அன்று மாலையே கடை வாசலில் ஆட்களைக் கூட்டி, "பேங்க்ல முதல் பத்தல. ஆளுக்குக் கொஞ்சம் முதல் போட்டா நம்ம பேங்க் நம்மகிட்டயே இருக்கும்" என்றார். அண்ணன் சொன்னது பங்கை. எங்கள் ஊர் வாயில் எதில் போட்ட பணமும் முதல்தான். மறுநாள் காலை டெபாசிட் கவுண்டரில் வரிசை வாசலைத் தாண்டியது. முதல் ஆளாகத் தையல்கடை அக்கா. புது மெஷினுக்குச் சேர்த்த பணத்தோடு வந்திருந்தாள்.

"அக்கா, டெபாசிட்டுன்னா அது நாங்க உங்களுக்குத் தரவேண்டிய கடன். வங்கி பெருத்துடும், சொந்த முதல் அப்படியே கிடக்கும். விகிதம் இன்னும் இறங்கிடும். பங்கா வாங்குங்க."

"பங்கை நெனச்சப்ப எடுக்கலாமா?"

"முடியாதுக்கா."

"அப்ப டெபாசிட்டாவே போடு. உதவ வந்தவளைப் போட்டு ஏம்ப்பா பாடாப்படுத்துற?"

வந்தவர்கள் எல்லோரும் இதையே சொன்னார்கள். அடுத்த நாள் மாதக் கடைசி. வேறு வழி தெரியாமல் மதியம் ஒரு பலகையைத் தொங்கவிட்டேன்: 'வைப்புத்தொகை பெறப்பட மாட்டாது.' அது போதாதா?

"குடுக்கிற காசையே வாங்க மாட்டேங்கிறான், பேங்க் அவ்வளவுதான்" என்று ஊரெல்லாம் பேச்சு. விடிந்ததும் அதே ஆட்கள், அதே வரிசை, பணத்தை எடுக்க.

அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். யார் காதில் வாங்கினார்கள்? மதியத்துக்குள் பெட்டகத்தைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். பட்டறைக்கும் கடைக்கும் கடனாகக் கொடுத்ததை ஒரே நாளில் பிடுங்க முடியுமா? அவசரத்துக்குக் கைமாற்றுக் கேட்டதற்கு அந்தப் பெரிய வங்கி, "சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்றது. தூ!

மாதக் கடைசிக் கணக்குப் பார்க்க வந்திருந்த அதிகாரி கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பரவாயில்லையே! பணம் வெளிய போனதுல வங்கி சுருங்கிடுச்சு. விகிதம் சரியா வந்துடுச்சு. சட்டப்படி நீங்க பாஸ் சார்."

அவரைப் பார்க்கப் பிடிக்காமல் கவுண்டருக்கு வந்தேன். தையல்கடை அக்கா டோக்கனை நீட்டினாள்.

"பணம் இல்லக்கா."

"நேத்து நான் குடுத்ததுகூடவா?"

"அதுகூட இல்லக்கா."