சுத்தபோசனம்

விடிந்ததும் பார்த்தால் எங்கள் நாய் கப்பித்தான் கொல்லையில் மறுபடியும் வாந்தி எடுத்திருந்தது. அதில் நூல் நூலாக ரத்தம். சாம்பலை அள்ளிப் போட்டு மூடினேன். வெறும் கஞ்சியையே எத்தனை நாள் ஊற்றுவது என்று மனசு கேட்காமல், முந்தின நாள் அவித்த சாளையை முள் எடுத்துப் பிசைந்து வைத்திருந்தேன். மீன் சேராத நாய் தூத்துக்குடியில் வந்து பிறந்தது அதன் தலையெழுத்து. அதற்குப் பொங்கிப் போடுவது என் தலையெழுத்து.

மீன், பால், எண்ணெய் எதுவும் கூடாது, குழைந்த சோறும் உப்பில்லாமல் அவித்த கறியும்தான் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் ரோச் ஊரில் இருந்தால் கறிக்கடையில் துண்டு துணுக்கு கேட்டு வாங்கி வந்து அவரே அவித்து ஊட்டுவார். எனக்கு ஒருநாளும் ஊட்டியதில்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் புனித ரோச் படத்தில் காலடியில் ஒரு நாய் ரொட்டியைக் கவ்விக்கொண்டு நிற்கும். பெயர்ப் பொருத்தம் என்று சொல்லி இந்தச் சவலையைத் தெருவிலிருந்து தூக்கி வந்து, கப்பித்தான் என்று பேரும் வைத்தவர் அவர்தான்.

அவர் போன தோணி கொழும்பிலிருந்து இன்னும் திரும்பவில்லை. கூடப் புறப்பட்ட தோணிகள் எல்லாம் வந்து சரக்கும் இறக்கிவிட்டன. புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்த வருஷம் அது. ஒரு தோணி வராததைப் பற்றி யாருக்குக் கவலை? என் மாமியார் சவேரியம்மாள் பனிமய மாதா முன்னால் முழங்காலில் நின்று, மகன் வந்து சேரும்வரை இந்த வீட்டு நிலைவாசல் தாண்டிக் கறி வராது என்று நேர்ந்துகொண்டாள். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலமும் பிறந்துவிட்டது. கறி விலக்கும் சுத்தபோசனத்தில் மீனுக்குத் தடையில்லையே, யாருக்கும் கஷ்டமில்லை. நானும் சரி மாமி என்றேன். நாயை நினைக்கவில்லை.

இப்போது அது விலா எலும்பை எண்ணிவிடலாம் போலக் கிடந்தது. இது செத்துப்போய் அவர் வந்தால் என்ன பதில் சொல்வேன்? கறி அவித்துப் போட்டு, அவர் வராமலே போனால்? காலத்துக்கும் அந்தக் கறிதான் காரணம் என்று ஆகிவிடும். மாமி சொல்வது இருக்கட்டும், நானே சொல்லிக்கொள்வேன். பயந்து பயந்து எனக்கு அலுத்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"தவசு காலத்துல ஒங்க ஆளுவ வாங்க மாட்டாவளேம்மா," என்றார் கறிக்கடை பாய்.

"நாய்க்கு," என்றேன். நம்பினாரோ என்னவோ, இலையில் சுற்றிக் கொடுத்தார்.

கொல்லை வேலி வழியாக நுழைந்து, மூன்று கல்லைக் கூட்டிப் பழைய சட்டியில் அவித்தேன். வாசனை உள்ளே போகாமல் இருக்குமா? மாமி செபமாலையோடு வந்து நின்றாள்.

"ஏளா, கறியா?"

"நாய்க்கு மாமி. நிலவாசலத் தாண்டல. வேலி வழியாத்தான் கொண்டாந்தேன்."

"மாதாவுக்கு வேலிப்பக்கம் கண்ணு தெரியாதோ?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பித்தான் தலையைத் தூக்க மாட்டாமல் மூக்கை மட்டும் அசைத்தது. மாமி ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

"அவன் வந்தா மொதல்ல இதத்தான் கேப்பான். ஒன்னயும் கேக்க மாட்டான், என்னயும் கேக்க மாட்டான்."

செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தவள், என் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கினாள்.

"தள்ளுளா. நேந்தது நான். முறிக்கதும் நானாவே இருந்துட்டுப் போறேன். ஒம்மேல ஒண்ணும் வேண்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கறியைச் சூட்டோடு எடுத்து, ஊதி, நார் நாராகப் பிய்த்துச் சோற்றில் பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கப்பித்தான் முகர்ந்து பார்த்து ஒரு வாய் தின்றது. பிறகு இன்னொரு வாய்.

"வயித்துல நிக்குமாளா?"

"பாப்போம் மாமி."

தினமும் அந்த நேரத்துக்குத் தோணித்துறைக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவோம். அன்றைக்குப் போகவில்லை. மாமி கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் நாயின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.