உறை பிரிக்காத புத்தகங்கள்

...முதலிலேயே புத்தகத்தை உறையிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், மேசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு எடுத்தால் அவசரத்தில் முனை மடங்கும், முனை மடங்கினால் அவ்வளவுதான், கை வேறு வியர்க்கிறது, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான், வரிசை நகர்ந்தது, மறுபடி நின்றது, முன்னால் வேஷத்துக்காக அட்டைக் கொம்பு கட்டிய ஒரு பெண் கொட்டாவி விட்டாள், இந்தக் காமிக்ஸ் கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார்கள், அவனைப் போல வருமா? லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிடத்தில் அவனுக்குப் பேரே 'கையெழுத்து', கையெழுத்து வந்தாச்சா, கையெழுத்து சாப்ட்டாச்சா... கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், வீட்டில் ஓர் அறை முழுக்க இருக்கிறதே, எல்லா அட்டையிலும் வரைந்தவர்களே போட்ட கையெழுத்து, யாரிடம் காட்டுவது என்பதுதான்... காட்டுவதற்கு இருந்த ஒரே ஆள், அவன் மனைவி, தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுவிட்டாவது போயிருக்கலாம். துணியைப் பையில் மடித்து வைத்தபடியே, நான் பேசறது உங்க காதுல விழுதா, என்று மட்டும் கேட்டாள், அவன் உறையின் தூசியைத் துடைத்துக்கொண்டே ம் என்றான், அந்த ம் எதற்கான பதில் என்று அவனுக்கே இப்போது தெரியவில்லை.

மேசையில் உட்கார்ந்திருந்த ஓவியர் அம்மாளுக்கு நல்ல வயசு, தலை பஞ்சாக நரைத்திருந்தது, எல்லாருக்கும் நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் இவன் புத்தகத்தை வாங்கியதும் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார், இவ்ளோ பத்திரமா வெச்சிருக்கியேப்பா, இதுல உனக்கு எந்த இடம் பிடிச்சுது? எந்த இடமா... எவ்வளவு கையெழுத்து வாங்கியிருக்கிறான், ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை, படித்தால்தானே, படித்தால் பக்கம் கசங்கும், படித்ததெல்லாம் அவள்தான், பூப்போலப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி உறையில் போட்டுவிடுவாள், அவன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வாள், ஏதாவது ஒன்று ஞாபகம் வராதா... அந்த நாய், மேடம், என்றான், வெள்ளத்துல அடிச்சிட்டுப் போன நாய் திரும்பி வந்து வாசல்ல நிக்குமே, அந்தப் பொண்ணு கதவத் திறக்க பயந்துபோய் நிப்பாளே, அந்த இடம். நாயா? அந்த அம்மாள் சிரித்தே விட்டார், எனக்கு நாய் வரையவே வராதுப்பா, எந்தக் கதையிலயும் வரைஞ்சதில்ல, வேற யாரோடதையாவது சொல்றியா, என்று கேட்டுக்கொண்டே கையெழுத்தைப் போட்டு, மை காயட்டும் என்று அவரே ஊதிக் கொடுத்தார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து முதன்முறையாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான், விரல் பட்ட இடமெல்லாம் ஈரம் பதிந்தது, பதியட்டும், நாய் இல்லை, கடைசிப் பக்கம் வரை இல்லை. அப்படியானால் எதில்? அந்த நாய்க் கதையைச் சொன்ன அன்றைக்கு அவள் கையில் புத்தகம் எதுவும் இல்லையே, கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டு, குரலை இறக்கி, அந்தப் பொண்ணுக்கு அப்ப எட்டு வயசு, வீட்ல வேற யாரும் இல்ல, என்றாளே... அவள் பிறந்த வீடும் ஆற்றங்கரையில்தானே, அங்கே வெள்ளம் வந்தது என்று அவள் அம்மா கூட ஒரு தடவை... அன்றைக்கு அவன் தட்டிலிருந்து நிமிராமல், எத்தனாவது பாகம் அது, என்று கேட்டான். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போன் போட்டுக் கேட்கலாம், எடுக்க மாட்டாள், எடுத்தாலும் எந்த வாயால் கேட்பது, அந்தப் பெண் கதவைத் திறந்தாளா இல்லையா என்று.