வலப்பக்கம் திருப்பினால்

எங்கள் கார் ஓடாமல் நின்ற நாட்களைப் போல நிம்மதியான நாட்களை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. டிரைவர் செல்லப்பன் மாட்டுவண்டிக்கு ஒதுங்குகிறேன் பேர்வழி என்று பனைமரத்தில் கொண்டுபோய் மோதி, ஸ்டீயரிங் கம்பத்தை வளைத்து வைத்திருந்தார். அவருக்கு நெற்றியில் சின்ன வீக்கம். எனக்கு விடுமுறை.

விஷயம் இதுதான். பெரம்பலூரில் இருக்கும் என் புருஷன் அரங்கநாதன் கைநீட்டுகிறவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பஸ் ஏறி உடையார்பாளையத்துக்கு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இனிமேல் அப்படி நடக்காது என்று அவர் வீட்டார் சொன்னதை என் அப்பா நடராசன் நம்பினார். நம்ப ஆசைப்பட்டார் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஆனால் கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைப் பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினால், கதியற்றுத் திரும்பி வந்தாள் என்று பேச்சாகிவிடுமாம். சொந்தக் காரில் போய், வாசலில் ஹாரன் அடித்து இறக்கிவிட வேண்டுமாம். ஆக, கார் ஓடினால் நான் போயாக வேண்டும். ஓடாதவரை இருக்கலாம்.

யுத்தம் முடிந்து, அமெரிக்கப் பட்டாளம் விட்டுவிட்டுப் போன வண்டிகளைத் திருச்சியில் பிரித்து விற்றுக்கொண்டிருந்த சமயம் அது. அரியலூர் மெக்கானிக் அரியமுத்து அங்கே போய், எங்கள் காரின் ஜாதியிலேயே ஒரு ஸ்டீயரிங் கம்பத்தைத் தேடிப் பிடித்து, சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். களத்துமேட்டில் காரை நிறுத்தி, வளைந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். நான் சன்னலோரம் நின்றிருந்தேன். அவர் மளமளவென்று நட்டை முறுக்கிக்கொண்டே போனார். பாவி மனுஷன், இவ்வளவு சீக்கிரமாகவா வேலை செய்வான் என்று அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

செல்லப்பன் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. இடப்பக்கம் திருப்பினார், வண்டி வலப்பக்கம் போய் வைக்கோல்போரில் மூக்கை நுழைத்தது. பின்னால் எடுத்து, இந்தத் தடவை வலப்பக்கம் திருப்பினார். இடப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் கூரைமேல் ஏறின.

வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்த அரியமுத்து, தலையைச் சொறிந்துகொண்டே வெளியே வந்தார். அமெரிக்கக் கார்களில் டிரைவர் உட்காருவது இடது பக்கமாம். அதற்கு ஏற்றபடி கம்பத்தின் அடியில் இருக்கும் பல்லையும் எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கிறார்களாம். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்ததால் ஏமாந்துவிட்டாராம். வேறு கம்பம் கிடைக்க மாசக்கணக்கில் ஆகலாம் என்றார். அப்பா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் கதவுக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மாசி மாதம். காலையில் முந்திரித் தோப்பு முழுக்கப் பனி இறங்கி நிற்கும். பூ வாசனை வீட்டுக்குள்ளேயே வரும். ஒருநாள் விடியற்காலை அந்த வாசனையோடு போய்க் காரில் உட்கார்ந்தேன். கிளட்சையும் பிரேக்கையும் செல்லப்பன் காட்டிக்கொடுத்தார். திருப்ப வேண்டிய இடம் வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. அவர் கைக்கு இருபது வருஷப் பழக்கம் இருந்தது. என் கைக்கு ஒன்றும் கிடையாது. இந்தப் பக்கம் இழுத்தால் மரங்கள் அந்தப் பக்கம் விலகின. கனவில் ஒரு பக்கம் நடந்து இன்னொரு பக்கம் போய்ச் சேருவோமே, அப்படி இருந்தது. எங்கள் சீமையில் உழுதால் கல்லாகிப்போன சிப்பிகள் கிளம்பும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாகச் சொல்வார்கள். பனிக்குள் போகப் போக, அந்தக் கடல் இன்னும் வற்றவில்லை, நான்தான் அதன் அடியில் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. பெரம்பலூர் என்று ஒரு ஊரே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

தோப்பைச் சுற்றித் திரும்பி வந்தபோது அப்பா களத்தில் நின்றிருந்தார். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் திட்டவில்லை. யோசித்தார். என்னைக் கொண்டுவந்து விடச் சொல்லி அரங்கநாதன் வீட்டார் குறித்துக் கொடுத்த நல்ல நாள் நெருங்கிவிட்டது. பெரம்பலூர் எல்லைவரை நான் ஓட்டுவது, அதற்கப்புறம் செல்லப்பன் ஓட்டுவது என்று முடிவானது. அரங்கநாதன் வீட்டுத் தெரு நேர்த்தெருதானே, திருப்ப வேண்டியதே இல்லையே என்றார் அப்பா.

புறப்பட்டோம். அப்பா என் பக்கத்தில். பின்னால் செல்லப்பன், மடியில் பழமும் வெற்றிலையும் அடுக்கிய சீர்த்தட்டு. தாமரைக்குளங்களும் கருவேலங்காடுகளும் வெயில் ஏறாத வெளிச்சத்தில் மெதுவாக மிதந்து பின்னால் போயின. அரியலூர் நெருங்க நெருங்க, போன வருஷம் உடைந்து கூடிய என் மணிக்கட்டு மறுபடி வலிப்பதுபோல இருந்தது. வலியா பயமா என்று தெரியவில்லை.

ஊரைத் தாண்டியதும் பாதை பிரிகிறது. வலப்பக்கம் பெரம்பலூர். இடப்பக்கம் ஏலாக்குறிச்சிச் சாலை. நான் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினேன். வண்டி அலுங்காமல் இடப்பக்கம் போனது.

"மறந்துட்டியேம்மா, வலப்பக்கம் திருப்புனா இடப்பக்கம்ல போவும்?" என்றார் அப்பா.

"மறக்கலப்பா."

அவர் சாலையைப் பார்த்தார். பிறகு சக்கரத்தைப் பிடித்திருந்த என் கையை, அந்த மணிக்கட்டை, வெகுநேரம் பார்த்தார். நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். காலை எடுக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன். புளியமரங்கள் வந்தன, போயின.

கடைசியில் அவர் பின்பக்கம் கையை நீட்டி, தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்தார். சீர்ப்பழத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு முன்னால் யாரும் தொடமாட்டார்கள். செல்லப்பன் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அது சீருங்க" என்றார்.

அப்பா உரித்து முடித்திருந்தார்.

"நீ கைய எடுக்காத, ஜானகி," என்றார். "வாயத் தொற."