நாற்பத்தோராவது பிரேம்

நாற்பத்தோராவது பிரேமில் என் அக்கா ஹம்சாவின் இடது கை மேலே எழும்புகிறது. அறுபத்தாறாவது பிரேமில்தான் அவள் புருஷன், என் மாமாவின் அறை அவள் கன்னத்தில் விழுகிறது. நடுவில் முழுசாக இரண்டு வினாடி. அனிமேஷன் வாத்தியார் நூர் முகமது சார் என் திரையைப் பென்சிலால் தட்டி, "அடி விழறதுக்கு முன்னாடியே வலி வந்துடுச்சேம்மா" என்றார். ஆள் கையை ஓங்கின பிறகுதான் அந்தம்மா முகத்தை மறைக்க வேண்டும், டைமிங் தப்பு, திருத்திக் கொண்டுவா என்றார். எனக்கு வந்ததே கோபம். மூன்று வாரமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்தது. நானாக யோசித்து வரைந்தால்தானே தப்பு வரும்? இது ரோட்டோஸ்கோப். நிஜ ஆட்களை வீடியோ எடுத்து, அதைத் துண்டு துண்டாக நிறுத்தி, அதன் மேலேயே கோடு இழுப்பது. வினாடிக்குப் பன்னிரண்டு படம். வீடியோவில் இருப்பதுதான் படத்தில் வரும். அதைச் சொல்லப்போய்க் குரல் உயர்ந்துவிட்டது. பின் பெஞ்சில் ஒருத்தன் சிரித்தான். கையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை அவன் மேல் விட்டெறிந்தேன். புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. பிரின்சிபால் ரூம், மன்னிப்புக் கடிதம், எல்லாம் ஆனது. நான் அப்படித்தான்.

அந்த அமீர்பேட்டை இன்ஸ்டிட்யூட்டில் டிப்ளமா படத்துக்கு எல்லோரும் எலியும் யானையும் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் அடிதடி. புருஷன் வேலையிலிருந்து வருகிறான், சாம்பாரில் உப்பு இல்லை என்று பெண்டாட்டியை அறைகிறான், அவள் தோசைக்கல்லை எடுத்து அவன் மண்டையைப் பிளக்கிறாள். ஒன்றரை நிமிடம். அடி எனக்குத் தெரிந்த சமாசாரம். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அடி வாங்காமல் வளர்ந்த பிள்ளை யார்? என் அப்பா நாராயணஸ்வாமி கூட்ஸ் வண்டிக்குக் கார்டு. டியூட்டி முடிந்து வெள்ளைப் பேண்ட்டோடு உள்ளே நுழையும்போது அம்மா எங்கள் மேல் ஏதாவது புகார் சொன்னால் போச்சு, பெல்ட்தான். என் முதுகில் பக்கிள் பதிந்த தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது. நாங்கள் வளர்ந்ததும் நிறுத்திவிட்டார், நல்ல மனுஷனாகவும் ஆகிவிட்டார். ஆனால் குளிக்கப் போகும்போது அவர் பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டாலே என் முழங்கால் தானாக மடங்கும். இருபது வயதில் இது என்ன கர்மம் என்று எனக்கே அசிங்கமாக இருக்கும்.

மாமா ராகவேந்திரா அடிக்கிற ஜாதியே இல்லை. கோயமுத்தூர்க்காரர், ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர். பால்காரனையும் "வாங்க" என்பார், ஹம்சாவையும் "வாங்க" என்பார். அந்த மரியாதைக்கே அம்மா சொக்கிப்போய்க் கிடந்தாள். கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அனுப்புகிறது, மூன்று வருஷம். ஹம்சாவுக்கும் விசா வந்துவிட்டது. காது வலி, வைத்தியம் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று அவள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தாள். என் படத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டு, அவளைப் பார்க்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவே, "நான் நடிச்சுக் குடுக்கறனுங்க அனு" என்றார்.

எங்கள் சமையலறையில் ஆறு டேக் எடுத்தேன். ஐந்தில் அவர் கை கன்னத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. இன்னும் வேகமா மாமா, இன்னும் வேகமா என்று நான்தான் கத்தினேன். ஆறாவதில் பட்டது. பளார். ஹம்சாவின் தலை அலமாரிக் கதவில் இடித்தது, ஒரு டம்ளர் உருண்டது. அவர் "ஸாரிங்க ஹம்சா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே, போதுமாடி உனக்கு என்றாள். ஹாலில் அம்மாவும் சிரித்தாள். நான் "சூப்பர்" என்றேன். அந்த டேக்கைத்தான் எடுத்துக்கொண்டேன். அடுத்தது தோசைக்கல் காட்சி. அவள் கல்லைக் கையில் எடுத்தாள், ஓங்க வரவில்லை. சும்மா நடிப்புத்தானே என்று எவ்வளவோ திட்டிப் பார்த்தேன். நக்கோடி, வேணாம், என்னால ஆகாது என்று கல்லை அடுப்பிலேயே வைத்துவிட்டாள். படத்துக்கு முடிவில்லாமல் போனது.

ஸ்கேல் எறிந்த அன்று வீட்டுக்கு வந்து ஆறு டேக்கையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். சாருடைய மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான். ஆறிலும் அதே கை, அதே இடது கை. அது கன்னத்துக்குப் போகவில்லை, காதை மூடுகிறது. மாமாவின் தோள் அப்போது அசையக்கூட இல்லை. அப்படியானால் எதைப் பார்த்து எழும்புகிறது அந்தக் கை? பிரேம் பிரேமாகப் பின்னால் போனேன். முப்பத்துநாலில் மாமா வாச்சைக் கழற்ற ஆரம்பிக்கிறார். நாற்பதில் அது வார் பிரிந்து தொங்குகிறது. நாற்பத்தொன்றில் ஹம்சாவின் கை எழும்புகிறது. அப்புறம் அவர் வாச்சை மேடை மேல் வைத்துவிட்டு நிதானமாகத் திரும்புகிறார்.

வாச்சைக் கழற்றச் சொல்லி நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. என்ன நடிப்பு, எவ்வளவு இயல்பு என்று மெச்சி, அந்த வாரைக்கூட ஒவ்வொரு துளையாக வரைந்திருந்தேன். பாவி. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு என் முழங்கால் ஞாபகம் வந்தது. பக்கிள் சத்தத்துக்கு மடங்குமே, அந்த முழங்கால்.

ஹம்சா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடது பக்கம் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. வலது பக்கம் போனதும் திரும்பினாள். போனைக்கூட அவள் வலது காதில்தான் வைக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வாச்சைப் பற்றிக் கேட்டேன். ஈரப் புடவையை உதறினாள். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"கல்யாணத்துக்கு அப்பா போட்ட வாச்சுடி. கீறல் விழக்கூடாதுன்னு கழட்டி வச்சிட்டுத்தான் அடிப்பார்" என்றாள்.

ஏதோ கரண்ட் பில் கட்டியதைச் சொல்வதுபோல் சொன்னாள். காதில் சீழ் வைத்ததும், இடது பக்கம் கேட்காமல் போனதும் கல்யாணமான மூன்றாவது மாதத்திலேயே. உனக்கு எதுக்கு இதெல்லாம், டிக்கெட் போட்டாச்சு, அப்பா மனசு உடைஞ்சுடும், வாயைத் திறந்தால் நான் செத்தேன் என்றாள். நான் ஆறு முறை என் அக்கா மேல் கையை ஓங்க விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். அதில் நன்றாக விழுந்ததைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். மாடிச் சுவரில் கையை ஓங்கி ஓங்கிக் குத்தினேன். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. அவள்தான் முந்தானையால் துடைத்தாள்.

வாயைத் திறக்காமல் இருக்க நான் என்ன ஊமையா? அன்றே அம்மாவைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். அம்மா பாதியிலேயே எழுந்துவிட்டாள். அடிக்கிற கைதான் அணைக்கும், நான் வாங்காததா, நீ வாயை மூடு என்றாள். டியூட்டியிலிருந்து வந்த அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். நடிக்கச் சொல்லி நீயே எடுத்துவிட்டு நீயே நிஜம் என்கிறாயா, பொம்மைப் படத்தைக் காட்டிக் குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறாயா என்று எரிந்து விழுந்தார். ஹம்சாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா என்றாள். தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து அழைத்துப் போவார், செவ்வாய்க்கிழமை பிளேன். அந்தப் பக்கம் அவள் கத்தினால் கேட்க எந்த நாதி இருக்கிறது?

அந்தப் படத்தை நான் திருத்தவில்லை.

ஞாயிறு மதியம் மாமா வந்தார். இனிப்பு வாங்கி வந்திருந்தார். ஹம்சாவின் இரண்டு பெட்டியும் வாசலில் தயாராக இருந்தன. அப்பா அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்திருந்தார், பேண்ட்டைக்கூட மாற்றாமல் மாப்பிள்ளைக்காகச் சாப்பிட உட்கார்ந்தார். அங்கே குளிர் எப்படி, காய்கறி கிடைக்குமா என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தோசைக்கல் அடுப்பங்கரையில் எந்த ஆணியில் மாட்டியிருக்கிறது என்று மட்டும் பார்த்து வைத்திருந்தேன். சத்தியமாக.

மாமா கை கழுவ எழுந்தார். பிரிட்ஜ் பக்கத்தில் நின்று, வாச்சைக் கழற்றி அதன் மேல் வைத்தார். கை கழுவத்தான், வேறெதற்கும் இல்லை. அப்பளத் தட்டோடு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்த ஹம்சா அதைப் பார்த்தாள். தட்டு கீழே விழுந்தது. இடது கை காதை மூடிக்கொண்டது. தோளைக் குறுக்கிச் சுவரோடு சுவராக ஒண்டினாள்.

யாரும் அவளைத் தொடவில்லை. யாரும் ஒரு சொல் உரக்கப் பேசவில்லை. அப்பா ஹம்சாவைப் பார்த்தார். பிரிட்ஜ் மேலிருந்த வாச்சைப் பார்த்தார். பிறகு ஏனோ திரும்பி என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம். எச்சில் கையோடு எழுந்து போய் அந்த வாச்சை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

"இதைக் கட்டிக்குங்க மாப்பிள்ளை. நீங்க கிளம்புங்க. அவ வரல."

மாமா சிரித்தார். அட, என்னங்க மாமா நீங்க என்றார். வாச்சை வாங்கவில்லை. "வாங்க ஹம்சா, நேரமாச்சு" என்று அவளைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தார். அப்பளம் அவர் காலடியில் நொறுங்கியது.

அப்பா வாச்சைத் தரையில் போட்டார். அவர் கை இடுப்புக்குப் போனது. பத்து வருஷமாக நான் இப்படிக் கேட்காத அந்தப் பக்கிள் சத்தம். பெல்ட் வெள்ளைப் பேண்ட்டின் வளையங்களிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தது. அது எனக்கில்லை, எனக்கில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் நான் சுவரோரம் ஹம்சாவின் பக்கத்தில் போய் நின்றிருந்தேன், அவள் கை காதில், என் முழங்கால் பாதி மடிந்து.